பாலையில் அருகம்புல்

பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு செய்தி வந்தது. "மச்சி, டிசம்பர் 31க்கு வேகாஸ் போலாம்னு இருக்கோம். நாலு பேர், மூணு நாள், மூணு ரவுண்டு கோல்ஃப். நைட்டு மத்ததெல்லாம். நீதான் ஏற்கெனவே போயிருக்கியே. கோல்ஃபுக்காகப் போற அளவுக்கு வொர்த்தா?"

கேட்டவன் டல்லாஸில் இருக்கிறான். இன்னொருவன் ஃபீனிக்ஸில், மூன்றாமவன் நியூ ஜெர்சியில். நான் அமெரிக்காவில் ஐந்து வருடம் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவன். நால்வரும் திருத்தணிக்காரர்கள். ஒருவன் வீட்டில் தெலுங்கு, இருவர் வீட்டில் தமிழ், ஒருவன் வீட்டில் அம்மாவிடம் ஒன்று அப்பாவிடம் ஒன்று. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஆனால் எங்கள் தெருவுக்குள் எல்லைக்கோடு இன்னும் வந்து சேரவில்லை. விசைத்தறி சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் நாங்கள் நால்வருமே கொஞ்சம் சத்தமாகப் பேசுவோம். கோல்ஃப் மைதானத்தில் அது பெரிய குற்றம்.

'ஆமா' 'இல்ல' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டு அழித்தேன். ஒரு நாவல் படிக்கத் தகுந்ததா என்று யாராவது கேட்டால் நாம் எப்படி யோசிப்போம்? அது என்ன செய்ய நினைத்தது, அதைச் செய்ததா, அது செய்ய நினைத்ததே நல்ல காரியமா என்று மூன்று கேள்விகள் கேட்போம். ஒரு கோல்ஃப் மைதானத்தையும் அப்படி வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் சுமாரான ஆட்டக்காரன், சுமாருக்கும் கொஞ்சம் கீழே. நியூ ஜெர்சியில் உள்ளூர் நிர்வாகம் நடத்தும் பொது மைதானம் ஒன்றில் கற்றுக்கொண்டேன். உள்ளூர்வாசி அட்டை இருந்தால் ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டுச் செலவில் பதினெட்டுக் குழிகளும் ஆடலாம். ஓய்வுபெற்ற தபால்காரர், கொரியன் கடைக்காரர், பள்ளி ஆசிரியை என்று முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்துவிடுவார்கள். பையை நாமே தோளில் மாட்டிக்கொண்டு ஏழெட்டு கிலோமீட்டர் நடக்கவேண்டும். கோல்ஃப் என்றாலே வெள்ளைச் சட்டையும் கிளப் மெம்பர்ஷிப்பும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய திறப்பு.

கோல்ஃப் மற்ற விளையாட்டுகளிலிருந்து வேறுபடுவது ஒரே விஷயத்தில்தான். டென்னிஸ் கோர்ட் உலகம் முழுக்க ஒரே அளவு. கபடிக் களம் அப்படித்தான். கிரிக்கெட்டில் பிட்ச் மாறும், எல்லைக்கோடு மாறும், ஆனால் இருபத்திரண்டு கஜம் மாறாது. கோல்ஃபில் களத்துக்கு அளவே கிடையாது. ஒவ்வொரு மைதானமும் அது கிடக்கிற நிலத்தின் மேடு பள்ளம், காற்று, மண், புல் ஆகியவற்றால் ஆனது. ஸ்காட்லாந்தில் விவசாயத்துக்கு ஆகாத, கடலுக்கும் வயலுக்கும் இடையிலான மணல் மேடுகளில்தான் இந்த ஆட்டம் வளர்ந்தது. பதினெட்டுக் குழி என்கிற கணக்கும் 1764இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருபத்திரண்டைக் குறைத்ததில் வந்ததுதான். அந்தப் பழைய மைதானத்தில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கலாம். இந்த ஆட்டத்தில் நமக்கு எதிராளி நிலம். அதை வாசித்துத்தான் பந்தை அடிக்கிறோம். ஒரு மைதானம் நன்றாக இருக்கிறது என்றால் அந்த வாசிப்புக்கு அது இடம்கொடுக்கிறது என்று பொருள். என் அளவுகோல் இவ்வளவுதான்.

இனி வேகாஸ்.

2022 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு தொழில்நுட்ப மாநாட்டுக்காக அங்கே போனேன். ஐ.டி.யில் இருக்கிற நம் ஆட்களில் பாதிப்பேர் அந்த ஊரைக் கழுத்தில் அடையாள அட்டையோடுதான் பார்த்திருப்பார்கள். நாலாவது நாள் காலை என் அப்போதைய மேலாளர் என்னையும் இரண்டு வாடிக்கையாளர்களையும் கோல்ஃபுக்கு அழைத்துப்போனார். "நீ ஆடுவேன்னு சொன்னாங்களே, வா, இதெல்லாம் உனக்கு நல்லது" என்றார். 'நல்லது' என்றால் எது என்று எனக்குப் புரிந்தது. அந்த வருடம் என் பதவி உயர்வு விவாதத்தில் இருந்தது.

மைதானத்தின் பெயர் வேண்டாம். கேசினோ வீதிக்குப் பக்கம். உள்ளே நுழைந்ததும் தென்னைபோல ஏதோ ஒரு பனை வகை, குளம், குளத்தில் வாத்து. பேட்டரி வண்டி கட்டாயம், நடக்க அனுமதி இல்லை. வண்டியில் இருக்கிற திரை, கொடி இன்னும் எத்தனை கஜம் என்று சொல்லிவிடும். ஒன்பதாவது குழி முடியும்போது எனக்கு ஒரு விநோதமான உணர்வு வந்தது. நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதற்கு அந்த மைதானத்தில் ஒரு தடயமும் இல்லை. தலைக்குமேல் தாழப் பறந்த விமானங்கள் மட்டும்தான் சாட்சி.

பிறகு வாசித்தபோது தெரிந்தது, அது தற்செயல் இல்லை என்று. வேகாஸில் கோல்ஃப் ஆரம்பத்திலிருந்தே கேசினோவின் இன்னொரு கை. 1938இல் திறந்த பொது மைதானம் ஒன்று அங்கே உண்டு, அது ஊர்க்காரர்களுக்கானது. ஆனால் ஊரின் கோல்ஃப் பெயரை உருவாக்கியது டெசர்ட் இன். 1950இல் ஹோட்டல், 1952இல் மைதானம், 1953இல் சாம்பியன்களின் போட்டி. முதல் போட்டியின் பரிசுத்தொகை பத்தாயிரம் டாலரை வெள்ளி நாணயங்களாகத் தள்ளுவண்டியில் குவித்துக் கொடுத்தார்கள். பரிசுக் காசோலையைப் படம் பிடித்தால் செய்தி. நாணயக் குவியலைப் படம் பிடித்தால் கேசினோவுக்கு விளம்பரம். அதே நிலத்தில் 2005இல் வின் ஹோட்டல் எழுந்தது. மைதானத்தைப் புதிதாக வடிவமைத்து, கடைசிக் குழிக்குப் பின்னால் ஒரு செயற்கை அருவியை வைத்தார்கள். 2017 முடிவில் மைதானத்தை மூடி நீர்ப்பூங்கா கட்டத் திட்டமிட்டார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, 2019 அக்டோபரில் மறுபடியும் பதினெட்டுக் குழிகள் திறந்தன. பெரிய தொகைக்குச் சூதாடுகிறவர்கள் பகலில் கோல்ஃப் கேட்கிறார்கள் என்பதுதான் கணக்கு. கோல்ஃப் தனியாக லாபம் தரவேண்டியதில்லை. இரவில் மேஜைக்குத் திரும்புகிற மனிதனைப் பகலில் வேறு ஊருக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதன் உச்சம் ஷேடோ கிரீக். ஸ்டீவ் வின்னுக்காக டாம் ஃபேசியோ வடிவமைத்து 1989இல் திறந்தது. வடக்கு வேகாஸில் தட்டையான பாலை நிலத்தைத் தோண்டி, தோண்டிய மண்ணைச் சுற்றிலும் மேடாக ஏற்றி, ஆயிரக்கணக்கான மரங்களை நட்டு, நடுவே ஓடையை ஓடவிட்டார்கள். உள்ளே நின்றால் வெளியே இருக்கிற பாலைநிலம் கண்ணில் படாது. தூரத்து மலைகளின் உச்சி மட்டும் தெரியும். தொடக்கத்தில் கேசினோவின் அழைப்பு இருந்தால்தான் உள்ளே போகமுடியும். இப்போது அந்தக் குழுமத்தின் ஹோட்டலில் தங்கினால், ஒரு ஆட்டத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்தால், லிமோசினில் கூட்டிப்போவார்கள். நம் கணக்கில் எண்பதாயிரம் ரூபாய் தாண்டும். 2018 நவம்பரில் டைகர் வுட்ஸும் ஃபில் மிக்கெல்சனும் தொண்ணூறு லட்சம் டாலருக்கு மோதியது இங்கேதான், ஜெயித்தவருக்கே முழுப்பணமும். பொதுமக்களுக்கு டிக்கெட் இல்லை, தொலைக்காட்சியில் பணம் கட்டிப் பார்க்கவேண்டும். இருபத்திரண்டாவது குழியில், விளக்கு வெளிச்சத்தில் மிக்கெல்சன் ஜெயித்தார். 1996 அக்டோபரில் இதே ஊரில்தான் டைகர் இருபது வயதில் தன் முதல் பி.ஜி.ஏ. பட்டத்தை வென்றார். அந்த வெற்றியைப் பற்றிப் பேசும்போது ஆட்டத்தைப் பேசுவோம். 2018ஐப் பற்றிப் பேசும்போது பணத்தைத்தான் பேசுகிறோம்.

இந்த வரிசையில் 2000இல் திறந்த பாலி ஹாய் உண்டு, மொஹாவி பாலையில் தென் பசிபிக் தீவு. பிரிட்டிஷ் ஓப்பன் நடக்கும் மைதானங்களின் குழிகளை நகலெடுத்த ராயல் லிங்க்ஸ் என்று ஒன்றும் கட்டினார்கள். மணல் மேடும் கடற்காற்றும் சேர்ந்து உருவாக்கிய வடிவத்தைக் கடலே இல்லாத இடத்தில் புல்டோசரால் போட்டார்கள்.

கேசினோவுக்குள் கடிகாரமும் ஜன்னலும் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த தகவல். உள்ளே இருக்கிறவனுக்கு நேரம் தெரியக்கூடாது. கோல்ஃப் அதற்கு நேர் எதிரானது, வானமும் வெயிலும் நிழலும் இருக்கிறது, அதனால் கேசினோவுக்கு ஒரு மாற்று என்று என் மேலாளர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேசினோ நேரத்தை மறைக்கிறது, இந்த மைதானங்கள் இடத்தை மறைக்கின்றன. கூரை இல்லாத கேசினோ. நிலத்தை வாசிப்பதுதான் கோல்ஃப் என்றால், நிலத்தை ஒளித்துவைப்பதையே கலையாகச் செய்கிற ஊருக்குக் கோல்ஃபுக்காக ஏன் போகவேண்டும்?

இதற்கு ஒரு நல்ல மறுப்பு இருக்கிறது, அதைத் தாண்டிப்போக முடியாது. 1972இல் ராபர்ட் வென்டூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனோர் மூவரும் 'லேர்னிங் ஃப்ரம் லாஸ் வேகாஸ்' என்ற புத்தகத்தை எழுதினார்கள். மாணவர்களை 1968இல் அங்கே கூட்டிப்போய், நியான் பலகைகளையும் கார் நிறுத்துமிடங்களையும் வரைபடம் போட்ட ஆய்வு. படித்தவர்கள் மலினம் என்று ஒதுக்கியதில் ஒரு மொழி இருக்கிறது, முதலில் அதை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் வாதம். போலி என்ற ஒரே சொல்லால் அடிக்கிற விமர்சகனுக்கு அந்தப் புத்தகம் நல்ல மருந்து. எனக்கும் வேலை செய்தது. அதைப் படித்தபின் திருத்தணி ரயில் நிலையத்திலிருந்து மலையடிவாரம் வரைக்குமான சாலையை வேறு மாதிரி பார்த்தேன். லாட்ஜ் பலகைகள், மொட்டையடிக்கும் இடத்துக்கு அம்புக்குறி, இரண்டு மொழிகளில் 'தூய சைவம்'. பக்கத்து ஊர்க்காரன் பார்வையில் எங்கள் ஊரும் ஒரு வேகாஸ்தான். தன் ஊரில் இல்லாத ஏதோ ஒன்றுக்காக வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிற ஊர்.

ஆனால் அந்த வாதம் பலகைகளுக்குப் பொருந்துகிற அளவுக்குப் புல்லுக்குப் பொருந்தாது. பலகைக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். புல் தண்ணீர் கேட்கும்.

லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிஷில் புல்வெளிகள். பாலைக்கு நடுவே ஊற்றுகள் இருந்ததால், அதைச் சுற்றிப் புல் இருந்ததால் வந்த பெயர். ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்ச உறிஞ்ச, 1962இல் அந்த ஊற்று நிலத்துக்கு மேலே வருவது நின்றுபோனது. இன்று தெற்கு நெவாடாவின் தண்ணீரில் சுமார் தொண்ணூறு சதவீதம் கொலராடோ ஆற்றிலிருந்து, மீட் ஏரி வழியாக வருகிறது. மாநாடு முடிந்த மறுநாள் ஹூவர் அணைக்குப் போனேன். ஏரியைச் சுற்றிப் பாறைகளில் வெள்ளையாக ஒரு பட்டை, பக்கெட்டில் தண்ணீர் வற்றினால் விழுமே, அது மாதிரி. அந்த வருடம் ஜூலையில்தான் ஏரி, 1937இல் முதன்முதலாக நிரம்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு மிகக் கீழான மட்டத்துக்கு இறங்கியிருந்தது.

பொறியாளனுக்குப் பிடித்த விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. ஆற்றிலிருந்து நெவாடாவின் பங்கு வருடத்துக்கு மூன்று லட்சம் ஏக்கர்-அடி. ஒரு ஏக்கர்-அடி என்பது சுமார் 12.3 லட்சம் லிட்டர். ஆனால் வீட்டுக்குள், ஹோட்டலுக்குள் பயன்படுத்துகிற தண்ணீரைச் சுத்திகரித்து ஏரிக்கே திருப்பி அனுப்பினால், அனுப்பிய அளவுக்கு மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஓட்டல் அறையில் அரைமணி நேரம் குளிக்கிறவன் பெரிய குற்றவாளி இல்லை, அவன் தண்ணீர் திரும்பிவிடும். திரும்பாதது வெளியே, வெயிலில், புல்லுக்கு விடுகிற தண்ணீர்தான். எல்லோரும் கைநீட்டுகிற பெலாஜியோ நீரூற்றுகூட, அங்கே முன்பு இருந்த டியூன்ஸ் ஹோட்டலின் கோல்ஃப் மைதானத்துக்காகப் போட்ட கிணற்று நீரில்தான் ஓடுகிறது. ஒரு காலத்தில் புல் குடித்த தண்ணீர் இப்போது பாட்டுக்கு ஆடுகிறது.

ஊர் இதை உணராமல் இல்லை. வீட்டு முற்றத்துப் புல்லைப் பிடுங்கினால் பணம் தருகிறார்கள். 2021இல் மாநிலச் சட்டமே வந்தது: சாலையோரம், அலுவலக வாசல் போன்ற இடங்களில் அழகுக்காக மட்டும் இருக்கிற புல்லுக்கு 2026 முடிவுக்குப் பிறகு கொலராடோ தண்ணீர் கிடையாது. கோல்ஃப் மைதானங்களுக்கும் வரம்பு உண்டு. பாசனம் செய்யும் ஏக்கருக்கு வருடம் 6.3 ஏக்கர்-அடி என்று இருந்ததை 2024இலிருந்து 4 ஆகக் குறைத்தார்கள். பாராட்டவேண்டிய விஷயம்.

ஆனால் அந்த நாலை நம் அளவுக்கு மாற்றிப் பாருங்கள். ஏக்கருக்கு நாலு ஏக்கர்-அடி என்றால் நிலத்தின்மேல் நாலு அடி உயரத்துக்குத் தண்ணீர். 1,200 மில்லிமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 920 மில்லிமீட்டர். வேகாஸில் வானம் தருவது சுமார் 100. அதாவது சிக்கனம் செய்த பிறகும், அந்தப் புல்லுக்குக் குழாய் வழியாக விட அனுமதிக்கப்பட்ட மழை, தமிழ்நாட்டுக்கு வானம் வழியாக வருவதைவிட அதிகம். இந்தக் கணக்கை நான் மூன்று முறை சரிபார்த்தேன்.

சரி, அந்தப் புல் என்ன புல்? இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியம். வெப்பமான ஊர்களின் கோல்ஃப் மைதானங்களில் போடுவது பெர்முடா புல். அதன் தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். அதாவது நம் அருகம்புல். மைதானங்களில் பெரும்பாலும் அதன் கலப்பின வகைகள், ஆனால் குடும்பம் அதேதான். சதுர்த்திக்குப் பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல், வரப்பில் எவ்வளவு பிடுங்கினாலும் மறுபடி வருகிற அதே புல். குளிரில் அது பழுப்பாகிவிடும், செத்துப்போகாது, தூங்கும். ஆனால் நவம்பரில் வருகிற விருந்தாளிக்குப் பழுப்பு பிடிக்காது. அதனால் பல மைதானங்கள் செப்டம்பர், அக்டோபரில் சில வாரம் மூடி, அருகை மழித்து, அதன்மேல் ரை புல் விதைத்து, ஈரம் காயாமல் தண்ணீர் விட்டு, குளிர்காலத்துக்கென்று தனிப் பச்சையை உண்டாக்குகின்றன. இப்போது சில மைதானங்கள் அந்த இரண்டாம் விதைப்பை விட்டுவிட்டுப் பழுப்பு அருகிலேயே ஆடச் சொல்கின்றன. கோல்ஃபுக்கு அது ஒரு குறையும் இல்லை. காய்ந்த அருகில் பந்து கூடுதலாக உருளும், நிலத்தின் சரிவு இன்னும் தெளிவாகத் தெரியும்.

முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்தால் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. வேகாஸ் அதைத் தலைகீழாகச் செய்தது: பாலையைத் திரித்து முல்லை ஆக்கியது. நம் மரபில் பாலை என்பது பொருள் தேடிப் பிரிந்துபோகிறவன் கடக்கிற நிலம். கடக்கிறவனுக்கு அதன் வெம்மை தெரியவேண்டும், அப்போதுதான் பிரிவுக்கு எடை. எச்1பி விசாவில் பொருள் தேடிப்போன நாங்கள் அந்தப் பச்சையில் பேட்டரி வண்டியில் உட்கார்ந்திருந்தபோது எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கை நான் பார்த்தேன். ஊருக்கு வடமேற்கே, அரைமணி நேரம் கார் ஓட்டினால், பையூட் பழங்குடியினரின் கோல்ஃப் மைதானங்கள். பீட் டை வடிவமைத்த மூன்று: ஸ்னோ மவுன்டன், சன் மவுன்டன், உல்ஃப். திரும்பும் விமானம் இரவில்தான் என்பதால் அணையிலிருந்து நேரே அங்கே போய், என் காசில், தனியாக ஆடினேன். அங்கேயும் புல் இருக்கிறது, அதற்கும் தண்ணீர் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் புல்லின் ஓரத்தில் பாலை பாலையாகவே இருக்கிறது. பந்து பத்தடி விலகினால் முள்ளும் சரளையும். யுக்கா செடிகள், காற்று, சுற்றிலும் மொட்டை மலைகள். அந்தக் காற்றில் என் பந்து போன போக்கை நினைத்து இப்போதும் வெட்கப்படுகிறேன். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நான் நிலத்தைப் பார்த்தேன்.

இந்த மைதானத்தின் பின்கதையும் ஆட்டத்தின் பகுதிதான். அந்தப் பள்ளத்தாக்கின் ஊற்றுகள் முதலில் பையூட் மக்களுடையவை. ரயிலும் நகரமும் வந்தபின் 1911இல் ஹெலன் ஸ்டூவர்ட் என்ற பெண்மணி கொடுத்த பத்து ஏக்கர்தான் அவர்களுக்கு மிஞ்சியது. 1983இல்தான் அமெரிக்க காங்கிரஸ் ஸ்னோ மவுன்டன் அடிவாரத்தில் சுமார் 3,800 ஏக்கரைத் திரும்பக் கொடுத்தது. அதில் அவர்கள் கோல்ஃப் மைதானம் கட்டினார்கள். நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஊற்றைப் பறிகொடுத்தவர்களே பாலையை மறைக்காத மைதானத்தை வைத்திருக்கிறார்கள் என்பது என் நினைவில் நின்றது.

இனி நண்பன் கேட்ட தேதிக்கு வருகிறேன். டிசம்பர் 31.

திருத்தணிக்காரனிடம் அந்தத் தேதியைச் சொன்னால் படிபூஜைதான் ஞாபகம் வரும். மலைக்கு 365 படிகள், வருடத்தின் நாள்கணக்கு. அன்று ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, பூ வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். இதைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், ஒரு நூற்றாண்டுக்கு முன்னால். காரணம் சுவாரசியமானது. ஆங்கிலப் புத்தாண்டு அன்று நம் ஆட்கள் எலுமிச்சம்பழமும் மாலையுமாக வெள்ளைக்காரத் துரைகள் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அந்தத் துரைகளைப் பார்ப்பதற்குப் பதில், துரைகளுக்கெல்லாம் துரையான தணிகைமலை முருகனைப் பார்க்கலாம் வாருங்கள் என்று அழைத்தாராம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

இந்தக் கதையை நினைத்தபோதுதான், வேகாஸ் மைதானத்தில் எனக்கு இருந்த உறுத்தலின் பெயர் தெரிந்தது. நான் அன்று கோல்ஃப் ஆடவில்லை. எலுமிச்சம்பழத்தோடு துரை வீட்டு வாசலில் நின்றிருந்தேன். பன்னிரண்டாவது குழியில் வாடிக்கையாளர் இரண்டடி தூரத்தில் தவறவிட்ட பந்தை "பரவாயில்லை, போட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்" என்று நான்தான் முதலில் சொன்னேன். பதவி உயர்வு கிடைத்தது. அந்த ஆட்டத்தால்தானா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே தொல்லையாக இருக்கிறது.

இந்தியாவில் கோல்ஃப் வந்ததே துரைகளோடுதான். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே பழமையான கோல்ஃப் கிளப் கல்கத்தாவில், 1829இல் தொடங்கியது. சென்னையில் கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு நடுவே ஜிம்கானா கிளப்பின் மைதானம். மின்சார ரயிலில் போகும்போது சுவருக்குப் பின்னால் அவ்வளவு பெரிய பச்சை இருப்பது பல வருடம் எனக்குத் தெரியாது. 2024 செப்டம்பரில் அரசு ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து, அங்கே மழைநீருக்குக் குளம் வெட்ட ஆரம்பித்தது, வழக்கும் தொடங்கியது. சட்டப்படி யார் சரி என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் வெள்ளத்தில் மிதந்த ஊர், நடுவில் இருக்கிற பச்சையைப் பார்த்து 'இது யாருக்கு?' என்று கேட்டது நியாயமான கேள்வி. நியூ ஜெர்சியின் பொது மைதானத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. நம் ஊரில் அப்படி ஒரு பதிலை யாரும் இன்னும் கட்டவில்லை.

எங்கள் ஊர் புனிதம், அந்த ஊர் பாவம் என்று சொல்ல வரவில்லை. திருத்தணியிலும் மேலே வரை வண்டிச் சாலை இருக்கிறது, கட்டணம் கட்டினால் சீக்கிரம் போகிற வரிசை இருக்கிறது. ஆடிக்கிருத்திகைக்கு மறுநாள் அடிவாரத்தில் கிடக்கிற பிளாஸ்டிக்கைப் பார்த்தால் எந்த ஊருக்கும் பாடம் சொல்கிற தைரியம் வராது. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லலாம். 365 படிகளும் மனிதன் கட்டியவைதான், எண்ணிக்கையும் யோசித்து வைத்ததுதான், ஆக அதுவும் ஒரு வடிவமைப்பு. அந்த வடிவமைப்பு, ஏறுகிறவனிடம் போன வருடத்தின் ஒவ்வொரு நாளையும் எண்ணச் சொல்கிறது. எத்தனை உயரம் ஏறினாய் என்று முட்டி சொல்லும். வேகாஸின் வடிவமைப்பு எண்ணாதே என்கிறது.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, முட்டி போய்விட்டது. போன வருடம் "ரோடுதான் இருக்கேப்பா, கார்ல மேல போயிடலாம்" என்றேன். "கார்ல போனா சாமியப் பாத்துடலாம்டா. படியை எங்க பாக்குறது?" என்றார். ஐம்பது படியோடு நிறுத்தி, அங்கேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டு இறங்கினார். நடக்க அனுமதியில்லாத அந்த மைதானம் எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதை எந்த கோல்ஃப் விமர்சகனைவிடவும் அவர் நன்றாகச் சொல்லிவிட்டார். அவர் வாழ்நாளில் ஒரு கோல்ஃப் பந்தைத் தொட்டதில்லை.

ஆக, நண்பனுக்கு என் பதில். கோல்ஃபுக்காக மட்டும் என்றால் வேகாஸ் வேண்டாம். கச்சேரி, சாப்பாடு, சீட்டு என்று வேறு காரணத்துக்குப் போகிறாய் என்றால் போ, அந்த ஊர் அதையெல்லாம் நன்றாகச் செய்யும். அப்போது ஒரு நாள் ஒதுக்கி பையூட் மைதானத்துக்குப் போ. மார்ச் முதல் மே வரை, அல்லது அக்டோபர் கடைசியும் நவம்பரும். கோடையில் வேண்டாம், 2024 ஜூலை 7 அன்று அங்கே 120 டிகிரி ஃபாரன்ஹீட், 48.9 செல்சியஸ், அந்த ஊரின் இதுவரையிலான உச்சம். மே மாதத் திருத்தணியைத் தாங்கினவன் என்று வீம்பு காட்டாதே. நடக்க விடுவார்களா என்று முன்பே கேள். புல் பழுப்பாக இருந்தால் காசைத் திருப்பிக் கேட்காதே, நல்ல மைதானம் என்று புரிந்துகொள். ஆயிரம் டாலர் மைதானத்துக்குப் பணம் இருந்தால், அந்தப் பணத்தில் உன் ஊர்ப் பொது மைதானத்தில் வருடம் முழுக்க ஆடலாம்.

இதையெல்லாம் சுருக்கி அனுப்பினேன். நாலு நிமிடம் நீலக்குறி மட்டும். பிறகு பதில் வந்தது.

"டேய், வொர்த்தான்னு ஒரு வார்த்தைதானே கேட்டேன். சரி விடு. மார்ச்சுல பாத்துக்கலாம். டிசம்பர்ல நான் ஊருக்கு வர்றேன். உங்கப்பா இந்த வருஷமும் படி ஏறுறாரா?"

ஐம்பது வரைக்கும் ஏறுவார் என்று எழுதினேன். "அப்ப ஐம்பத்தொண்ணுலேர்ந்து நாம ஏறலாம்" என்று அனுப்பினான்.